சம்பந்தி கட்சியின் கடைவாய்ப் பல்

பல் டாக்டருக்கும் அவருடைய சகலைக்கும் ஒன்றரை வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. சொத்துத் தகராறெல்லாம் கிடையாது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டாக்டர் 'லிஃப்ட் ரிப்பேர்' பார்ப்பார். சகலை அதே நேரத்தில் வேறு சானலில் 'சம்பந்தி வந்தாச்சு' பார்ப்பார். அவ்வளவுதான் விஷயம்.

முதலாவது, லிஃப்ட் ஓடாத ஏழு மாடிக் கட்டடத்தில் குடியிருப்பவர்களின் கதை. இரண்டாவது, ரெண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று பெட்டியோடு வந்த சம்பந்தி நாலு வருடமாகியும் கிளம்பாத கதை. இரண்டும் நகைச்சுவைத் தொடர்கள். ஆனால் குடும்பத்தில் யாரும் இதைச் சிரிப்பு சமாச்சாரமாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாமனார் வீட்டில் எல்லோரும் கூடியிருந்த ஒரு செவ்வாயன்று, கையைத் தூக்கச் சொல்லி ஓட்டெடுப்பு நடத்தினார் மாமனார். லிஃப்ட் கட்சி ஜெயித்தது. டிரைவிங் ஸ்கூல் நடத்தும் சகலை வாதாடவில்லை. ரிமோட்டின் பேட்டரிகளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மனைவியோடு கிளம்பிவிட்டார். டிவியில் அப்போது செய்தி ஓடிக்கொண்டிருந்தது. மீதிப் பேர் ராத்திரி வரை செய்தி பார்த்தார்கள். அதற்குப் பிறகு நல்லது கெட்டது எதுவானாலும் அக்காவும் தங்கையும் போனில் சொல்லிக்கொண்டால்தான் உண்டு.

அப்பேர்ப்பட்ட சகலை, கன்னம் புடைக்க, ஒரு செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் வந்து நின்றார். வேறு இரண்டு டாக்டர்களிடம் போயிருக்கிறார். ஒருவர் ஊரில் இல்லை. இன்னொருவர் கதவைச் சாத்திவிட்டுப் போயிருந்தார்.

"வலி தாங்கல," என்றார், சுவரைப் பார்த்து.

"உக்காருங்க," என்றார் டாக்டர், கையுறையைப் பார்த்து.

கடைவாய்ப் பல் குறுக்கே படுத்துக்கிடந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறைக் கிழித்து, பல்லை இரண்டு துண்டாக்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. வேலை செய்யச் செய்ய டாக்டருக்கு அந்த பேட்டரி ஞாபகம் வந்தது. ஆனாலும், வாயைப் பிளந்துகொண்டு கூரையைப் பார்த்துக் கிடக்கும் மனிதர்மேல் கோபத்தைப் பிடித்துவைத்திருப்பது சிரமமாக இருந்தது.

தையல் போட்டு முடித்ததும், எதிர்ச் சுவரில் இருந்த டிவியை நர்ஸம்மா வழக்கம்போல் போட்டுவிட்டார். லிஃப்ட் ரிப்பேர் தொடங்கியது.

"பஞ்சைக் கடிச்சுக்கிட்டு அரை மணி நேரம் இப்படியே இருங்க. பேசக் கூடாது. ரொம்ப சிரிச்சீங்கன்னா தையல் விட்டுடும்."

"இதானே ஓடுது," என்றார் சகலை குழறலாக. "பயமே இல்ல."

டாக்டர் பஞ்சை வைத்து வாயை மூடினார். கொஞ்சம் அழுத்தமாகவே மூடினார்.

பிறகு கருவிகளைக் கழுவத் திரும்பிக்கொண்டார். டிவியில் ஆறாவது மாடிக்காரர், புது பீரோவோடு நாலாவது மாடித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டிருந்தார். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. அங்கேயே பீரோவைத் திறந்து சட்டைகளை அடுக்க ஆரம்பித்தார்.

நாற்காலி கிரீச்சிட்டது.

டாக்டர் ஓரக்கண்ணால் பார்த்தார். சகலையின் தோள்கள் குலுங்கின. கண்ணில் நீர் வழிந்தது. கையால் தாடையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"வலிக்குதா?"

சகலை ஆமாமென்று வேகமாகத் தலையாட்டினார்.

"மருந்து எழுதித் தரேன்," என்றார் டாக்டர். குழாயை நிறுத்தாமல், கழுவிய கிண்ணத்தையே திரும்பவும் கழுவினார். ஒன்றரை வருடமாக இப்படி ஒரு நாளைத்தான் மனசில் ஒத்திகை பார்த்திருந்தார். மாமனாருக்கு உடனே போன் போட வேண்டும் என்றுகூட நினைத்து வைத்திருந்தார். இப்போது போன் மேஜையில்தான் கிடந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

தொடர் முடிந்த பிறகுதான் சகலை எழுந்தார்.

"தையல் பிரிக்க எப்ப வரணும்?"

"அடுத்த வாரம். காலைல வாங்க, கூட்டம் இருக்காது."

"காலைல கிளாஸ் இருக்கு," என்றார் சகலை, செருப்பை மாட்டிக்கொண்டே. "செவ்வாய்க்கிழமை இதே நேரத்துக்கு வரேன்."

"வாங்க."

வீட்டுக்குப் போனதும் மனைவி கேட்டாள். "அக்கா போன் பண்ணா. மாமா கிளினிக்குக்கு வந்தாராமே, என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல," என்றார் டாக்டர். "வாய்ல பஞ்சு இருந்துச்சு."