ஜன்னலோர நாற்காலியின் வருகைப் பதிவு

அன்று பிற்பகல் இரண்டு மணி வகுப்பில் இருந்தவர்கள்: மேசையருகே நின்றபடி விரிவுரையாளர், முதல் வரிசையில் நெட்டையனும் சோடாபுட்டியும், இரண்டாம் வரிசையில், சேர்ந்தே வந்து சேர்ந்தே போகும் மூன்று பெண்கள், வாசலை ஒட்டிய ஸ்டூலில் ஆய்வக உதவியாளர் அக்கா. ஆக ஏழு பேர். முதல் வரிசையின் ஜன்னலோர நாற்காலி காலி. சுவரின் மேல்மூலையில் இருந்த கேமரா எட்டுப் பேர் என்று எண்ணியது. திரையில் அந்த நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைச் சுற்றி மென்பொருள் பச்சைக் கட்டம் போட்டு, பெயரையும் பிழையில்லாமல் எழுதி, வருகையைப் பதிந்துகொண்டது.

முகத்தைப் பார்த்து வருகை பதியும் அந்த மென்பொருள், நெட்டையனும் சோடாபுட்டியும் ஜன்னலோரக்காரியும் சேர்ந்து செய்த இறுதியாண்டு ப்ராஜெக்ட். அவளோ அப்போது ஆறு மணி நேரப் பயணத் தொலைவில் ஒரு மருத்துவமனையில் இருந்தாள். அம்மா மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டதில், பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் அவள் ஊருக்குப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. வருகை நூற்றுக்கு எழுபத்தைந்து இல்லையென்றால் தேர்வு எழுத முடியாது. ஒரு வருடம் போய்விடும். வருகைப் பதிவேட்டில் அவள் கணக்கு ஐம்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. கேமராவின் கணக்கில் எழுபத்தொன்பது.

முதலில் எல்லோரும் பிழை என்றுதான் நினைத்தார்கள். காரணமும் கையிலேயே இருந்தது. மென்பொருளுக்கு முகம் பழக்கப் படங்கள் வேண்டியிருந்தபோது, பொறுமையாக உட்கார்ந்தவள் அவள் ஒருத்திதான். காலை வெயிலில், டியூப்லைட்டில், பாதி முகத்தில் நிழல் விழ, நானூற்றுப் பன்னிரண்டு படம். “ஒரே மூஞ்சிய இத்தனை தடவை காட்டினா அது வேற யாரைத்தான்டா பாக்கும்?” என்றார் விரிவுரையாளர். நெட்டையன் அவள் படங்கள் அத்தனையையும் அழித்தான். மென்பொருளை முதலிலிருந்து மறுபடி பழக்க இரண்டு நாள் பிடித்தது. மூன்றாம் நாள் கேமரா எட்டு என்றது. இந்தத் தடவை அவள் கொட்டாவியும் விட்டாள்.

நான்காம் நாள் திரையில் அவள் இடது கட்டைவிரலில் துணிக்கட்டு தெரிந்தது. விரிவுரையாளர் அங்கேயே அவளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“விரல்ல என்னம்மா காயம்?”

“ஆப்பிள் நறுக்கும்போது கிழிச்சுக்கிட்டேன் சார். காலைலதான். யார் சொன்னா உங்களுக்கு?”

 பின்னாலிருந்து நெட்டையன் நலம் விசாரித்தான். அம்மா மதியம் தூங்கும் நேரத்தில் கட்டிலருகே கண்ணை மூடி உட்கார்ந்திருப்பேன், வகுப்பு ஃபேன் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும் என்றாள் அவள். “அது சரி, நேத்து போர்டுல மூணாவது வரில மைனஸ் விட்டுட்டியேடா, திருத்தினியா இல்லையா?” திருத்தவில்லை. அக்கா எழுந்துபோய் ஜன்னலோர நாற்காலியைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு ஆறு ஆண்டுகள் அந்தக் கேமரா அங்கே இருந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று வர முடியாத தாயை எண்ணியிருக்கிறது. பஸ் கிடைக்காமல் பாதி வழியில் நின்றவனை எண்ணியிருக்கிறது. மேற்படிப்புக்கும் அங்கேயே சேர்ந்து, வகுப்பை விட்டு சினிமாவுக்குப் போன சோடாபுட்டியை ஒரு தடவைகூட எண்ணவில்லை. “நான் செஞ்ச கழுதை, எனக்கே துரோகம் பண்ணுது” என்பான். ஆனால் அந்த முதல் வருடம் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. இரண்டு கணக்கும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவு கேட்டிருந்தது. பதில் எழுத வேண்டியவர் விரிவுரையாளர்.

இருபத்திரண்டு வருட வேலையில் வராத ஆளுக்கு அவர் வருகை போட்டதில்லை. சொந்தத் தங்கை மகனுக்கே போட மறுத்து, தங்கை வீட்டில் பேச்சு நின்றுபோனவர். வகுப்பறை மேசையிலேயே உட்கார்ந்து மூன்று தாள் எழுதிக் கிழித்தார். நான்காவதில், அந்த மாணவி இதுவரை நாற்பத்தொரு நாளும் தாயின் கட்டிலருகே இருந்ததாக வார்டு செவிலியர் சொல்வது உண்மை, அந்த நாட்களில் நடந்த பிற்பகல் வகுப்பு ஒவ்வொன்றிலும் இருந்ததும் உண்மை, படங்கள் இணைப்பில் உள்ளன என்று எழுதிக் கையெழுத்திட்டார். “இதைப் படிச்சா உங்களைத்தான் சார் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க” என்றான் சோடாபுட்டி. “அனுப்பட்டும். பொய் ஒரு வரி இல்ல” என்றார்.

கடிதத்தை மடித்து உறையில் போட்டபோது பச்சைக் கட்டம் நாற்காலியை விட்டு நகர்ந்தது. திரையில் அவள் மேசைக்குப் பக்கத்தில், கட்டுப்போட்ட விரலை மறு கையால் பிடித்தபடி நின்றாள். உதடு அசைந்தது. அந்தக் கேமராவில் மைக் கிடையாது.

“சரி சரி, இருக்கட்டும். போய் உக்காரும்மா” என்றார் விரிவுரையாளர், தன் பக்கத்துக் காலி இடத்தைப் பார்த்து. உறையின் ஓரத்தில் பசை தடவி, உள்ளங்கையால் இரண்டு தரம் அழுத்தி அக்காவிடம் கொடுத்தார். தபால் எடுக்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது. அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு, போய்ப் போட்டுவிட்டு வந்தார்.