சேனை தொட்ட விரல்

காலையில் எழுந்ததும் தண்ணீரைக் கொதிக்க வைப்பேன். பால் புகட்டும் பாலாடையை அதில் போட்டு எடுப்பேன். பவுடரை அளந்து கலக்கி, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்ப்பேன். மகனை மடியில் நிமிர்த்திப் பிடித்துப் புகட்டுவேன். தோளில் போட்டு ஏப்பம் வரும்வரை தட்டுவேன். பிறகு அம்மாவிடம் கொடுத்துவிட்டு சேதராப்பட்டுக்குக் கம்பெனி பஸ் பிடிப்பேன்.

கர்ப்பத்தில் என் மனைவி ஜூலிக்குச் சர்க்கரை வந்தது. இன்சுலினை அவளே போட்டுக்கொள்வாள். விரலைக் குத்தி மெஷினில் பார்ப்பதும் அவளேதான். வளைகாப்பில் லட்டு நீட்டியவர்களிடம், “எனக்கு வளையல் போடுங்க, லட்டு இவருக்கு” என்றாள்.

பிறந்ததும் குழந்தைக்குச் சர்க்கரை சடாரென்று இறங்கலாம், கவனிக்காவிட்டால் மூளையைப் பாதிக்கும், உடனே தாய்ப்பால் கொடுங்கள், வேறெதுவும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஆபரேஷனில் பிறந்தான். நான்கு கிலோவுக்கு மேல். ஜூலி அசதியில் கண்ணை மூடியிருந்தாள். இன்னும் பால் கொடுக்கவில்லை. நான் மருந்து வாங்கிக்கொண்டு மேலே வந்தபோது, அவள் பெரியப்பா லூயிஸ் குழந்தையின் காலைப் பிடித்துக் கொஞ்சிக்கொண்டிருந்தார். பக்கத்தில் டம்ளரில் சர்க்கரைத் தண்ணீர். சேனை வைத்துவிட்டார்கள். முதலில் யார் விரலால் நாக்கில் தொட்டு வைக்கிறாரோ, அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள்.

“என் கையால வெச்சிருக்கேன் மாப்ள. பய என்ன மாதிரியே பிரெஞ்சுல பொளந்து கட்டுவான் பாரு.”

“பேசட்டும். உங்கள மாதிரி சாயந்தரமானா சாராயக் கடைக்கு ஓடாம இருந்தா சரி” என்றாள் அம்மா.

“ஏம்மா, டாக்டர் வேணாம்னாரே?”

“ஒரு சொட்டுடா. உனக்கும் வெச்சதுதான்.”

நர்ஸ் வந்து அவசரமாகக் குதிகாலில் குத்தி, ரத்தத்தை மெஷினில் வைத்தார். தொண்ணூறு. “நார்மல்” என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். குழந்தை அழவில்லை. கைகள் மட்டும் நடுங்கின. குளிர் என்று அம்மா துணியை இழுத்துப் போர்த்தினாள்.

ஜூலி கண்ணைத் திறந்தாள். பக்கத்தில் கிடந்தவனின் காலைத் தடவிப் பார்த்தாள். நர்ஸைக் கூப்பிட்டுச் சொன்னாள். நர்ஸ் அப்படியே செய்தார். இம்முறை இருபத்தெட்டு. பெரியப்பா கையிலிருந்த சர்க்கரை குதிகாலில் ஒட்டி, முதல் கணக்கைப் பொய்யாக்கியிருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

எல்லோரும் அவன் பின்னால் போனோம். திரும்பி வந்தபோது ஜூலிக்கு நினைவில்லை. கர்ப்பப்பை சுருங்காமல் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள்.

மகன் பிழைத்தான். அவள் வரவில்லை.

துக்கம் கேட்க வருகிறவர்களிடம் அம்மா, “எம் புள்ளயப் பாத்துக்கங்கன்னு இவன் கையப் புடிச்சிச் சொல்லிட்டுப் போனா” என்கிறாள். பெரியப்பா தலையைக் குனிந்துகொள்கிறார். நான் மறுப்பதில்லை.

அவள் என் கையைப் பிடிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. கடைசியாகச் சொன்னது இதுதான்:

“சிஸ்டர், கால் பிசுபிசுன்னு இருக்கு. தொடச்சிட்டு இன்னொரு வாட்டி குத்துங்க.”