யாகப்பர் பள்ளியின் வளையம்

வேலூர் வெயிலில் நின்று ஐந்து பையன்களையும் பார்த்துக்கொண்டிருந்தார் சக்கரவர்த்தி. பேருந்தில் வந்த அலுப்பு உடம்பைவிட்டுப் போகவில்லை. திருவண்ணாமலை புனித யாகப்பர் ஆண்கள் உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டு ஆசிரியர் அவர். சேர்க்கை தேய்ந்துபோய், இந்த 2002 ஏப்ரலோடு பள்ளியை மூடுகிறார்கள். இந்த வேலூர்ப் பள்ளி இவர்களைக் கூடைப்பந்துக்காக எடுத்துக்கொண்டால் விடுதியும் சாப்பாடும் இலவசம். இல்லாவிட்டால் படிப்பை விட்டுவிட்டு, கிரிவலப் பாதையில் தண்ணீர் பாக்கெட் விற்கப் போய்விடுவார்கள்.

ஆதவன் எறிந்த பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பியது. அடுத்தவன் எறிந்தது விளிம்பைத் தொடக்கூட இல்லை.

"பசங்க சாப்ட்டாங்களா சார்?" என்றார் அந்தப் பள்ளிப் பயிற்சியாளர் பரசுராமன். "மலை சுத்திட்டு நேரா வந்த மாதிரி இருக்காங்க."

"பஸ்ல நின்னுக்கினே வந்தாங்க சார்."

"இந்த ஸ்கூல் கிட்டயா வருஷா வருஷம் தோத்தோம்?"

யாகப்பர் கோப்பைப் போட்டி எப்போதும் யாகப்பர் ஆடுகளத்தில்தான் நடக்கும். வெளியூர்க்காரர்களின் பந்து பின்விளிம்பில் மோதித் தெறிக்கும். யாகப்பர் பையன்களின் பந்து வலைக்குள் வழுக்கி இறங்கும். பங்குச் சாமியார் புனிதருக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவார். பையன்களின் அம்மாக்கள் அண்ணாமலையாருக்கு நெய்விளக்குப் போடுவார்கள். வெளியூரில் ஆடித் தோற்றால், தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள்.

ஆட்டத்துக்கு முன் வலையின் முடிச்சை இழுத்துப் பார்ப்பது சக்கரவர்த்தியின் வழக்கம். இன்று மறந்திருந்தார். இப்போது போய் நுனிக்காலில் நின்று கையை நீட்டினார். விரல்கள் காற்றில் துழாவின. ஊரில் எட்டும் வலை இங்கே ஒரு சாண் மேலே தொங்கியது.

"ஹைட்டு சரியா சார் இது?"

"டேப் வெச்சு அளந்தது. பத்தடி."

சக்கரவர்த்திக்கு ஊர் ஆடுகளம் நினைவுக்கு வந்தது. 1989இல், மழைத் தண்ணீர் தேங்குகிறதென்று ஆடுகளத்தில் ஜல்லி கொட்டிச் சிமென்ட் பூசினார்கள். தரை உயர்ந்தது. வளையத்தை உயர்த்த யாருக்கும் தோன்றவில்லை. கோப்பைகள் எல்லாம் அதற்கப்புறம் வந்தவை.

வாயை மூடிக்கொண்டால், மூடப்போகும் பள்ளிக்குப் பெயராவது மிஞ்சும். பையன்களுக்கு விடுதி கிடைக்காது.

"சார், எங்க வளையம் ஒரு சாண் கம்மி. எனக்கே இப்பத்தான் தெரியுது. பசங்க மேல தப்பில்ல."

பரசுராமன் வெடித்துச் சிரித்தார். "அடப்பாவி மனுஷா! அப்போ நாங்க அங்க வந்து வாங்கின அடியெல்லாம்?"

"கோப்பை எல்லாத்தையும் லாரில ஏத்தி அனுப்பிடறேன். இன்னொரு சான்ஸ் குடுங்க."

ஆதவன் பந்தை இடுக்கிக்கொண்டு நின்றான். "அப்போ நாங்க சாம்பியன் இல்லியா சார்?"

"தண்ணி குடிச்சிட்டு வாடா. இன்னும் ஜாஸ்தி தூக்கிப் போடு."

மதியமெல்லாம் எறிந்தார்கள். மெல்ல மெல்ல சிலருக்குப் பந்து இறங்கத் தொடங்கியது. பொழுது சாய்ந்ததும் பரசுராமன் ஆதவனோடு இன்னும் இரண்டு பேரைத் தன் பக்கம் நிற்கவைத்தார். மற்ற இருவரும் மண்ணைப் பார்த்தார்கள்.

"இவங்க ரெண்டு பேரையும் ஜூன்ல மறுபடி கூட்டினு வாங்க. அதுக்குள்ள வளையத்தை ஏத்தி பழக்குங்க."

யாகப்பர் ஆடுகளத்தின் வளையக் கம்பங்கள் இந்த மாதமே பழைய இரும்புக்குப் போகின்றன. சாமியாரின் காலில் விழுந்தாவது ஒன்றை விற்காமல் நிறுத்தவேண்டும், வெல்டரையும் பிடிக்கவேண்டும். நினைக்கும்போதே கால் வலித்தது.

"ஏத்திடறேன் சார்," என்றார்.