வயரைப் பிடித்திருந்தவள்

முன்பக்கத் துளையிலிருந்து கேமரா வயரைப் பிடுங்கி, உர்மிளா பின்பக்கத்தில் செருகினாள். டிங்-டோங் என்றது கம்ப்யூட்டர். கேமரா கிடைத்துவிட்டது. மூன்று எண்ணுவதற்குள் டோங்-டிங். போய்விட்டது.

"இன்னுமா ஆகல?" ஸ்பீக்கரில் அண்ணன் ஷைலேந்திராவின் குரல், ஆக்லாந்திலிருந்து. "ரீஸ்டார்ட் பண்ணு."

"மூணு தடவ பண்ணியாச்சு."

"நான் அனுப்பறப்ப நல்லாத்தான் இருந்துச்சு. அங்க யாரோ புடுங்கிப் புடுங்கிக் கெடுத்துட்டீங்க."

அந்த யாரோ இரண்டடி தள்ளிச் சவப்பெட்டிக்குள் படுத்திருந்தார். ஞாயிறுதோறும் குளித்து, சட்டை மாற்றி, இந்த மேசை முன் உட்கார்ந்தவர். கேமரா வராத நாட்களில் அப்பா மகனிடம் மன்னிப்புக் கேட்பார். நினைத்தால் இப்போதும் அவளுக்குக் காது சுட்டது.

இரண்டாயிரத்தில் இந்தத் தீவில் ஆட்சியைக் கவிழ்த்தபோது, ஒரு வருடத்தில் எல்லோரையும் கூட்டிக்கொள்கிறேன் என்று போனவன் அண்ணன். ஆறு வருடம் ஆயிற்று. இப்போது மறுபடி ராணுவம் இறங்கிவிட்டதாம், வர முடியாதாம். விமானங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. அதே ராணுவத்தின் தடுப்பைத் தாண்டித்தான் அவள் தினமும் நடபுவா வீட்டிலிருந்து பஸ்ஸில் ஆஸ்பத்திரியிலிருந்த அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோனாள்.

அதே துளையில் மவுஸைச் செருகினாள். வேலை செய்தது. அப்படியானால் துளையில் குற்றமில்லை. கேமரா வயரை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். செருகும் முனைக்கு அருகே கறுப்பு டேப். அதன்மேல் பூனை ஸ்டிக்கர், ஆக்லாந்திலிருக்கும் அண்ணன் மகள் எதிலும் ஒட்டுகிற அதே பூனை.

"அண்ணா, இந்த டேப்ப யாரு சுத்துனது?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு? மூஞ்சியக் காட்டு."

டேப் சுற்றிய இடத்தை வளைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். கேமரா போகாமல் நின்றது. விட்டால் போயிற்று. சித்தி மகள் வினீதா பிடித்துப் பார்த்தாள். அவள் கைக்கு அது நிற்கவில்லை. உர்மிளாவே கம்ப்யூட்டருக்குப் பின்னால் மண்டியிட்டாள். திரையில் அப்பாவின் முகம் தெரிந்திருக்க வேண்டும். அண்ணன் அழத் தொடங்கினான். அவளுக்குத் தெரிந்தது சுவரும் தூசியும்தான்.

"ரெண்டு மணிக்குச் சுடுகாட்டுல இருக்கணும்," என்றார் சிவன் மாமா. "வாய்க்கரிசி போடறவங்க வாங்க."

பெண்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். வளையல்கள் பெட்டியின் விளிம்பில் உரசும் சத்தம் கேட்டது.

"உர்மிளா, நீ வாம்மா."

"அவ அசையக் கூடாது மாமா! விட்டா போயிடும்!"

"அவளும் மகதான்டா."

"அவதான் தினம் பாத்தாளே! மூடற வரைக்கும் நான் பாக்கணும்!"

தினம் பார்த்தாள். கஞ்சியை, மலச்சட்டியை, மூச்சை.

"மூடப் போறோம்மா," என்றார் மாமா மெல்ல.

கட்டைவிரலை எடுத்தாள். டோங்-டிங்.

"போயிடுச்சு! உர்மிளா! ஏய், உர்மிளா!"

முழங்கால் மரத்திருந்தது. மேசையைப் பிடித்து எழுந்து, தட்டிலிருந்து அரிசியை அள்ளினாள். விரல்களை விரித்தபின்னும், வயர் அழுந்திய பள்ளத்தில் ஓர் அரிசிமணி ஒட்டியிருந்தது. அதை நகத்தால் தள்ளி அப்பாவின் உதட்டில் வைத்தாள்.