ஸ்டோர் ரூம் ஆள்

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. அந்த மாதங்களில் நானும் மங்கம்மாவும் மரக்காணத்தில் பஸ் ஏறி, இடையஞ்சாவடிப் பக்கம் ஒரு புதுக் கட்டடத்தில் தரை துடைக்கப் போகிறோம். முட்டை வடிவம், ஜன்னலே கிடையாது. அதை வரைந்தவர், இது சுவாசிக்கும் கட்டடம் என்கிறார். மூச்சு முட்டுவது எங்களுக்குத்தான்.

ஆள் அசைந்தால்தான் அங்கே விளக்கு எரியும், ஃபேன் சுற்றும். சாப்பிட்டுவிட்டு ஸ்டோர் ரூமில் கண்ணை மூடினால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் நின்றுவிடும். படுத்தபடியே கையை ஆட்டி ஆட்டி எனக்குத் தோள்பட்டை வலி.

"உப்பளத்துல செய்யறதையே இங்கயும் செய்வோம்டி" என்றாள் மங்கம்மா.

அங்கே உப்பு வாரும் பலகையை வரப்பில் நட்டு, பழைய சேலையை மாட்டிவிட்டு நிழலில் உட்காருவோம். தூரத்தில் இருக்கும் மேஸ்திரிக்கு அது நிற்கிற ஆள்.

இங்கே ஃபேனுக்குக் கீழே கொடி கட்டிச் சேலையைப் போட்டோம். காற்றில் சேலை ஆடியது. சேலை ஆடியதால் ஃபேன் நிற்கவில்லை. தூங்கினோம். சேலையை அப்புறம் எடுக்கவே இல்லை.

ஒரு வாரம் கழித்து சூப்பர்வைசர் மோகன் எல்லோரையும் நிற்க வைத்து, எந்த அறையில் எவ்வளவு நேரம் ஆள் அசைந்தது என்று பதிவாகும் கம்ப்யூட்டரைக் காட்டினார்.

"ஸ்டோர் ரூம்ல எந்த ஷிஃப்ட் ஆளுன்னு தெரியல, ஒரு நிமிஷம்கூட உட்காரல. வேலைன்னா அப்படிச் செய்யணும். நீங்களும் இருக்கீங்களே."

மத்தியானம் ஸ்டோர் ரூமுக்குப் போய்ப் பார்த்தேன். ஒரே வாரத்தில் சேலையின் ஓரம் கிழிந்து நூல் நூலாகத் தொங்கியது.