டீசலிடம் சொல்லாத சொல்

நாய் வந்து ஐந்து நாளாகியும் அது சாப்பிட்டு நாங்கள் பார்க்கவில்லை. கஞ்சியை விரலில் தடவி மூக்கருகே நீட்டினால் நக்கும். அதுவும் மரியாதைக்கு நக்குவது போலத்தான் இருக்கும். தட்டில் வைத்தால் முதலில் தட்டைப் பார்க்கும், பிறகு வைத்தவர் முகத்தைப் பார்க்கும். அப்படியே பார்த்துக்கொண்டிருக்கும்.

கடல் தாண்டி விமானத்தில் வந்த தெருநாய். நாங்கள் விட்டுவந்த நாட்டில் ஏதோ ஒரு நெடுஞ்சாலையில் லாரி ஏறி முன்கால் ஒன்று போய்விட்டது. மீட்டவர்கள் தத்துக்குப் படம் போட்டிருந்தார்கள். மனைவிதான் அதைப் பார்த்தாள்.

"இந்த வீட்டுல பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் வேணுங்க" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை.

"பாத்தீங்களா, இதுக்குத்தான் சொன்னேன்."

அவள் சொன்னதில் நியாயம் உண்டு. நான் மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் லென்ஸ் தேய்ப்பவன். இயந்திரத்தின் இரைச்சலுக்குக் காதை அடைத்துக்கொண்டு நாள் முழுக்க நிற்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் நான் காதடைப்பைக் கழற்றுவதில்லை என்பாள். காலையில் கிளம்பும்போது அவளிடம் சொல்லிக்கொண்டு கிளம்பும் பழக்கம் எந்த வருஷத்தோடு நின்றது என்று எனக்கே நினைவில்லை. சண்டை ஒன்றும் நடக்கவில்லை. தேய்ந்துபோயிற்று, அவ்வளவுதான்.

காகிதங்களில் நாயின் பெயர் டெய்ஸி. அப்படிக் கூப்பிட்டால் அதன் காதுகூட அசையவில்லை.

"பேருக்கும் திரும்பல, சோத்துக்கும் திரும்பல. உங்க சொந்தக்காரங்க வழியா இருக்குமோ" என்றாள் மனைவி. ஆனால் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை மீட்பு அமைப்பின் பெண் போனில் பேசினார். சனிக்கிழமை காலை வருவதாகவும், அதற்குள் தட்டிலிருந்து தானாகச் சாப்பிடாவிட்டால் வேறு நாய்கள் இருக்கும் வீட்டுக்கு மாற்றிவிடுவதாகவும் சொன்னார். அவர் குரலில் எங்களைக் குறை சொல்லும் தொனி இல்லை. அதனால்தான் இன்னும் உறைத்தது. அன்று மாலை முழுக்க மனைவி நாயின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமலிருந்தால் வீடு எப்படி இருக்கும் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை.

அமைப்பிடமிருந்து ஒரு போன் எண் வாங்கினேன். அந்த நாய்க்கு நாலு வருஷமாகத் தீனி போட்டவள் ஒரு பெட்ரோல் பங்க்கில் வேலை பார்ப்பவளாம். வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில், பட்டறைக்குப் பின்னால் லென்ஸ் பெட்டிகள் அடுக்கிய அறைக்குப் போய் அழைத்தேன். மறுமுனையில் ஹாரன் சத்தம் கேட்டது. யார் என்று சொன்னேன்.

"டீசல் உங்ககிட்டதான் இருக்காளா அண்ணே?"

"டெய்ஸி..."

"டெய்ஸியா? அது யாரு? டீசல் பம்ப்புக்குக் கீழதான் படுத்துக் கெடப்பா, அதான் டீசல். எழுதிட்டுப் போன புள்ள காதுல என்னத்த வாங்குச்சோ."

"சாப்பிட மாட்டேங்குதும்மா. கோழி, முட்டை, சோறு, எல்லாம் வெச்சுப் பாத்துட்டோம்."

"நான் வெறும் பிஸ்கட்டுதான் போட்டேன், தின்னாளே. அத விடுங்க. வெச்சுட்டு என்ன பண்றீங்க?"

"பக்கத்துலயே உக்காந்திருக்கோம். ரெண்டு பேரும்."

"அங்கதான் தப்பு. எனக்கு உக்கார ஏது நேரம்? ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடியும். தட்டுல போட்டுட்டு, டீசல், வரேன்னு சொல்லிட்டு நடையக் கட்டிருவேன். நான் முதுகு காட்டுனப்புறந்தான் வாய வெப்பா. வரேன்னு காதுல விழாம தொட மாட்டா."

பிறகு அவள் பேசவில்லை. எனக்கு மௌனம் புதிதல்ல. ஆனாலும் பெட்டிகளின் மேல் ஒட்டியிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கியிருந்தேன்.

"அவள வண்டியில ஏத்திவிட்ட அன்னிக்கும் போனேன்" என்றாள். "கூண்டுக்குள்ள பிஸ்கட் வெச்சேன். என் மூஞ்சியவே பாத்துட்டிருந்தா. எனக்கு வாய் வரல. எப்படிண்ணே சொல்றது? நான் வரப்போறதில்லையே."

ஒரு சீட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"இருக்கீங்களா அண்ணே?"

"இருக்கேன்மா."

"நீங்க சொல்லிருங்க. ஆனா சொன்னா வந்துரணும். சும்மா வாய்க்கு வந்தபடி சொல்லாதீங்க."

வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றாமலே தட்டில் பிஸ்கட்டுகளை உடைத்துப் போட்டுக் கூடத்தின் நடுவில் வைத்தேன். மனைவி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய் ஓடும் சத்தத்தில் நான் வந்தது அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

"டீசல்" என்றேன்.

இரண்டு காதுகளும் நிமிர்ந்தன. தட்டைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். கூண்டுக்குள்ளிருந்து அந்தப் பெண்ணின் முகத்தையும் இப்படித்தான் பார்த்திருப்பாள். ஆறு நாளாக அந்த ஒரு சொல்லுக்குக் காத்திருக்கிறாள்.

"வரேன்" என்றேன்.

குழாய் நின்றது. "சரிங்க, பாத்துப் போயிட்டு வாங்க" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

திரும்பிப் பார்க்கக் கூடாது. கதவைச் சாத்திவிட்டு அரைமாடி இறங்கிச் சுவரோரம் நின்றேன். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு தட்டு தரையில் உரசும் சத்தம். மூன்று கால் நாய்க்குத் தட்டை அழுத்திப் பிடிக்கக் கால் மிச்சமில்லை. தட்டு நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. கூடத்தின் மறுகோடியில் சுவரில் முட்டும்வரை அது நகர்ந்துகொண்டே போனது. அதற்கப்புறமும் உரசல் நிற்கவில்லை.

சத்தம் அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு மேலே ஏறிக் கதவைத் திறந்தேன்.

டீசல் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சமையலறை வாசலில் ஈரக் கையோடு மனைவி நின்றாள். காலித் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எங்க போனீங்க?"

"மாடிப்படி வரைக்கும்."

"அதுக்கா சொல்லிட்டுப் போனீங்க?"

நான் குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தேன். டீசல் நொண்டி நொண்டி வந்து என் கையை முகர்ந்தாள்.

"நாளைக்கும் சொல்றேன்" என்றேன்.