எட்டு எழுத்து இடம்

நெய்வேலியில் பாட்டுக் கச்சேரி என்றால் கூட்டம் அள்ளும். டெமோ போட்டிக்கு அறுபது பேர் வந்ததே பெரிய விஷயம். அதிலும் பாதிப் பேர், பிள்ளைகள் கம்ப்யூட்டரில் அப்படி என்னதான் கிழிக்கிறார்கள் என்று பார்க்க, சுரங்கத்தில் காலை ஷிஃப்ட் முடித்து வந்த அப்பாக்கள். விதி ஒன்றுதான்: ஆயிரத்து இருபத்து நான்கு எழுத்துக்குள் புரோகிராம் எழுத வேண்டும், அது ஓடினால் திரையில் படம் ஆட வேண்டும். ஒரு எழுத்து கூடினாலும் வெளியே.

வெண்மதி நான்கு மாதம் செதுக்கியது, சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத இயந்திரம். வாளிகள் கட்டிய சக்கரம் சுழலும், மண் பெல்ட்டில் ஓடும். முடிவில் சக டெமோக்காரர்களின் பெயர் போட்டு வணக்கம் சொல்வது இந்தக் கூட்டத்தின் வழக்கம். அதற்கும் பின்னால் அவள் பெயர், ஆங்கிலத்தில் எட்டு எழுத்து. மொத்தம் சரியாக ஆயிரத்து இருபத்து நான்கு.

அந்த எட்டு எழுத்துக்காகத்தான் இத்தனை பாடு. போன வருடம் அவளும் நண்பன் நிலவனும் சேர்ந்து செய்த டெமோ ஜெயித்தது. படிவத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம் என்று நிலவன் தன் பெயரை எழுதிவிட்டான். பரிசு வாங்கும்போதும் வாயைத் திறக்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. இந்த வருட வணக்கத்தில் அவனுக்கு இடமும் இல்லை, அவளுக்கு மனமும் இல்லை.

ஒப்படைக்க அரைமணி இருக்கையில், அவள் ஓட்டிப் பார்ப்பதைக் கண்டு நிலவன் பக்கத்தில் வந்து நின்றான்.

"சக்கரம் தப்பா சுத்துது. வாளி மண்ண வெட்டிக்கினு மேல ஏறணும். உன்னுது கீழ எறங்குது. எங்கப்பா வந்திருக்காரு, பாத்ததும் சொல்லிடுவாரு."

அவன் அப்பா வைத்திலிங்கம் அந்த இயந்திரத்தை ஓட்டுகிறவர். வெண்மதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் போட்டியில் நிற்கும் அவன் இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்பதும் உறைத்தது.

சுழற்றும் கட்டளையில் ஒரு மைனஸ் போட்டால் தீர்ந்தது. அந்த ஒரு எழுத்துக்குத்தான் இடமில்லை. எதைப் பிடுங்கினாலும் பெல்ட் நின்றது, இல்லாவிட்டால் நிறம் போனது. வணக்கம் சொன்ன பெயர்களில் கை வைப்பது மரியாதை இல்லை. தன் பெயரை மொட்டையடிக்கவும் பிடிக்காமல் முழுதாக அழித்தாள். அழுகை வந்தது. மைனஸைப் போட்டாள். ஏழு எழுத்துக்கு இடம் மிச்சம் இருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, வணக்கத்தின் கடைசியில் ஆங்கிலத்தில் நிலவன் என்று அடித்தாள். ஏழு இடமும் சரியாக நிரம்பியது.

வாளிகள் மண்ணை வெட்டி மேலேறியபோது பின்வரிசையில் விசில் பறந்தது. கடைசியில் வந்த பெயரை, செய்தவன் பெயர் என்றே அப்பாக்கள் எடுத்துக்கொண்டார்கள். வைத்திலிங்கத்துக்குப் பெருமை தாங்கவில்லை, மகன் முதுகில் தட்டினார். அக்கம்பக்கத்தில் கை கொடுத்தார்கள். இந்த வருடமும் போயிற்று என்று வெண்மதி தலையைக் குனிந்துகொண்டாள்.

நிலவன் எழுந்து நின்றான்.

"இது நான் செஞ்சது இல்லங்க. வெண்மதி செஞ்சது. போன வருஷம் ஜெயிச்சதுலயும் பாதி அவளுது. அப்பவே சொல்லியிருக்கணும், சொல்லல."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வைத்திலிங்கம் எழுந்து அவளிடம் வந்தார்.

"வாளி மேலதான் ஏறும்னு உனக்கு எப்பிடிம்மா தெரியும்?"

வெண்மதி நிலவனைக் கை காட்டினாள்.